கண்ணாடிக் கடைக்கு நாலு வருஷப் படிப்பா? ஒரு கல்லூரியின் நூறாண்டுக் கணக்கு



பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, காபியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு பேச்சு எழுந்தது. உறவில் ஒரு பெண் பிளஸ் டூ முடித்துவிட்டு ஆப்டோமெட்ரி படிக்க ஆசைப்படுகிறாள். பெரியவர் ஒருவர், "கண்ணாடிக் கடையில உட்கார நாலு வருஷப் படிப்பு எதுக்கு? பவர் பார்க்கிறதுக்குத்தான் இப்ப மெஷின் வந்துடுச்சே" என்று கேட்டிருந்தார். கேட்டவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நியாயமான கேள்விதான். இதே கேள்வியை 130 வருடங்களுக்கு முன்பு நியூயார்க்கில் பெரிய டாக்டர்களே கேட்டிருக்கிறார்கள். அதற்குப் பதில் தேடிப் போன கதைதான் ஆப்டோமெட்ரி என்ற படிப்பின் வரலாறு.

அந்த வரலாற்றை ஒரே ஒரு கல்லூரியை வைத்துச் சொல்லப் போகிறேன். அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் உள்ள ஆப்டோமெட்ரி கல்லூரி. 1923இல் தொடங்கியது. எதற்கு அவ்வளவு தூரம் என்று கேட்காதீர்கள். அங்கிருந்து நம் சென்னைக்கு ஒரு நேர்ப்பாதை இருக்கிறது, கடைசியில் வரும்.

சொல்லும் முறைக்கு நம் பள்ளி வழக்கம் ஒன்றைக் கடன் வாங்கிக்கொள்கிறேன். ஒரு தலைமையாசிரியர் மாறுதலில் போகும்போதோ ஓய்வு பெறும்போதோ பொறுப்பு ஒப்படைப்பார். மேஜை இத்தனை, பெஞ்சு இத்தனை, பூகோள உருண்டை ஒன்று, ஆய்வகத்தில் குழிலென்சு, குவிலென்சு இத்தனை என்று பதிவேட்டில் எண்ணிக் கையெழுத்துப் போடுவார்கள். அதில் எழுத முடியாத கணக்கு ஒன்றும் உண்டு. அவர் வந்தபோது பள்ளி எப்படி இருந்தது, போகும்போது எப்படி இருக்கிறது என்பது. பெர்க்லியின் டீன்களை அந்தக் கணக்கில் பார்ப்போம்.

முதலில் கொஞ்சம் பழைய கதை.

மூக்குக்கண்ணாடி பிறந்தது 13ஆம் நூற்றாண்டின் கடைசியில், வட இத்தாலியில். நாற்பது வயதுக்கு மேல் கிட்டத்தில் எழுத்து மங்கும் சாளேஸ்வரம் இருக்கிறதே, அதற்காக வந்தது. அதன்பின் ஐந்நூறு வருடங்களுக்கு மேல் கண்ணாடி விற்ற முறை ஒன்றுதான். வியாபாரி தட்டில் பரப்பி வைப்பார். வாங்குபவர் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்து, எது தெளிவோ அதை எடுத்துக்கொள்வார். நம் ஊர்த் திருவிழாக் கடைகளில் நேற்றுவரை பார்த்த காட்சிதான். 1623இலேயே ஸ்பெயின் நாட்டில் பெனிட்டோ தாசா என்பவர், கண்ணுக்கு ஏற்ற கண்ணாடியை அளந்து தேர்ந்தெடுப்பது எப்படி என்று புத்தகமே எழுதினார். ஆனால் வழக்கம் மாறவில்லை.

மாற்றம் 19ஆம் நூற்றாண்டில் வந்தது. 1801இல் தாமஸ் யங் தன் கண்ணையே அளந்து, எல்லாத் திசைகளிலும் ஒரே மாதிரி குவியாத குறை ஒன்று இருப்பதைக் கண்டார். இன்று உங்கள் கண்ணாடிச் சீட்டில் 'சிலிண்டர்' என்று ஒரு கட்டம் இருக்குமே, அது இதற்குத்தான். 1820களில் வானியலாளர் ஜார்ஜ் ஏரி தன் கண்ணுக்கு அப்படி ஒரு லென்சைச் செய்வித்துக்கொண்டார். 1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணின் உட்புறத்தை உயிருள்ள மனிதரிடத்திலேயே பார்க்கும் கருவியை வெளியிட்டார். 1862இல் ஹாலந்தில் ஸ்னெல்லன் எழுத்து அட்டையை உருவாக்கினார். 1864இல் அவருடைய மூத்தவர் டொண்டர்ஸ், கிட்டப்பார்வை, தூரப்பார்வை, சாளேஸ்வரம் மூன்றும் வேறு வேறு என்று பிரித்துக் காட்டும் பெரிய நூலை வெளியிட்டார்.

கண் ஆஸ்பத்திரிச் சீட்டில் 6/6, 6/18 என்று எழுதுவது ஸ்னெல்லன் கொடுத்த வழி. நல்ல கண் 18 மீட்டர் தூரத்தில் படிக்கும் எழுத்தை இவருக்கு 6 மீட்டருக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது என்பது 6/18க்குப் பொருள். பின்னக் கணக்கு எங்கே உதவும் என்று கேட்ட மாணவர்கள் கவனிக்க.

ஆக, அறுபது வருடத்தில் அறிவியல் தயாராகிவிட்டது. அதைக் கடைத்தெருவுக்குக் கொண்டுபோவது யார் என்பதுதான் சண்டை. டாக்டர்களுக்கு நோயில்தான் அக்கறை. கண்ணாடி விற்பவருக்கு வியாபாரத்தில் அக்கறை. நோய் இல்லை, பார்வையும் சரியில்லை என்று நடுவில் நிற்கும் மனிதர்தான் எண்ணிக்கையில் அதிகம்.

நியூயார்க்கில் சார்லஸ் பிரென்டிஸ் என்று ஒரு கண்ணாடிக்காரர். சாதாரண ஆள் இல்லை. ஒளியியல் கற்றவர். பட்டகங்களின் வலிமைக்கு இன்றும் பயன்படும் அலகைத் தந்தவர். 1892இல் அவர் ஒரு காரியம் செய்தார். கண்ணாடிக்கு வாங்கும் விலை தவிர, கண்ணைச் சோதித்ததற்கு என்று தனியாக மூன்று டாலர் கேட்டார். கண் மருத்துவர் ஒருவர் உடனே கடிதம் எழுதினார்: சோதனைக்குக் கட்டணம் வாங்க உமக்கு உரிமை இல்லை, அது வைத்தியம் பார்ப்பதாகிவிடும் என்று. பிரென்டிஸ் விடவில்லை. பொருளை விற்பது வேறு, அறிவைத் தருவது வேறு. அறிவுக்கும் கூலி உண்டு என்று வாதிட்டார். அந்த அறிவுக்குச் சட்டம் வேண்டும் என்று அலைந்தார்.

மூன்று டாலர் சின்னத் தொகை. ஆனால் அதற்குள் இருந்த கேள்வி பெரியது. நம் பெரியவர் கேட்டதும் அதைத்தானே? விற்பனையா, படிப்பா?

1901இல் மினசோட்டா மாநிலம் ஆப்டோமெட்ரியைச் சட்டத்தில் ஏற்றது. 1903இல் கலிபோர்னியா ஏற்றது. சட்டம் வந்துவிட்டது. கற்றுக்கொடுக்க இடம்? சில வாரங்களில் சான்றிதழ் தரும் தனியார் வகுப்புகள் நிறைய இருந்தன. பல்கலைக்கழகங்கள் தயங்கின. 1910இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகமும் 1914இல் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகமும் கதவைத் திறந்தன. மேற்குக் கரையில் பெர்க்லி 1923இல் திறந்தது.

பெர்க்லியில் அந்தக் கதவு இயற்பியல் துறையில் இருந்தது. மருத்துவத் துறையில் இல்லை. இயற்பியல் நடத்திய எனக்கு இதில் கொஞ்சம் பெருமை உண்டு, மன்னித்துக்கொள்ளுங்கள். இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். அந்தப் படிப்புக்கு ஆன செலவில் ஒரு பங்கைக் கலிபோர்னியாவில் ஏற்கெனவே தொழில் செய்துகொண்டிருந்தவர்களே சுமந்தார்கள். ஆண்டுதோறும் உரிமத்தைப் புதுப்பிக்கக் கட்டும் கட்டணத்தை உயர்த்திக்கொண்டு, அந்தக் கூடுதல் பணம் பல்கலைக்கழகத்துக்குப் போக ஒப்புக்கொண்டார்கள். நாளைக்குத் தங்களுக்கே போட்டியாக வரப்போகும் பிள்ளைகள், அதுவும் தங்களைவிட நன்றாகப் படித்த பிள்ளைகள், உருவாகத் தங்கள் கைப்பணத்தைக் கொடுத்தார்கள். எந்தத் தொழிலும் மேலே வருவது இப்படித்தான் என்று நினைக்கிறேன்.

முதல் தலைவர் ரால்ஃப் மைனர், இயற்பியல் பேராசிரியர். 1923இல் தொடங்கி 1946 வரை, இருபது வருடங்களுக்கு மேல் நடத்தினார். அவர் எடுத்துக்கொண்டது இயற்பியல் துறையின் ஓர் ஓரத்தில் ஒரு பாடத்திட்டம். ஒப்படைத்தது தனிப் பெயரும் தனி டீனும் உள்ள ஒரு கல்லூரி. இன்றும் அந்தக் கட்டடத்துக்கு அவர் பெயர்தான், மைனர் ஹால்.

அவர் காலத்தில் ஒரு பற்றுக் கணக்கும் உண்டு, அதை மறைத்தால் வரலாறு ஆகாது. 1942இல் போர்க்கால ஆணை ஒன்றினால் மேற்குக் கரையில் இருந்த ஜப்பானிய வம்சாவளியினர் எல்லாரும் வீடு வாசலை விட்டு முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகங்களில் படித்துக்கொண்டிருந்த சுமார் 700 மாணவர்கள் பாதியில் வகுப்பை விட்டுப் போனார்கள். பல்கலைக்கழகம் அவர்களுக்குக் கௌரவப் பட்டம் தர முடிவு செய்தது 2009இல். அறுபத்தேழு வருடம் கழித்து. பலருக்குப் பதிலாகப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் மேடையேறி வாங்கினார்கள். ஒப்படைப்புப் பதிவேட்டில் 'காணாமல் போனவை' என்றும் ஒரு பத்தி உண்டல்லவா?

மைனருக்குப் பின் கென்னத் ஸ்டாடர்ட். அவருக்குப் பின் 1960இல் மெரிடித் மார்கன் டீன் ஆனார். இவர் அந்தக் கல்லூரியிலேயே படித்தவர். இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்வதைப் பற்றி ஆராய்ந்தவர். பக்கத்தில் இருக்கும் எழுத்தைப் பார்க்கக் கண் இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் செய்கிறது: லென்சு தடிக்கிறது, கண்கள் உள்நோக்கித் திரும்புகின்றன. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், எழுத்து தெளிவாகத் தெரிந்தாலும் பத்து நிமிடத்தில் தலை வலிக்கும், வரி தாவும். பிள்ளை படிக்கச் சோம்பல்படுகிறான் என்று நாம் சொல்வோம். இந்த இரண்டு வேலைக்கும் சராசரி அளவு என்ன, எவ்வளவு விலகினால் கவனிக்க வேண்டும் என்று மார்கன் 1940களில் வகுத்த அட்டவணையை இன்றும் மாணவர்கள் படிக்கிறார்கள். பவர் மட்டும் பார்க்கும் மெஷினுக்கு இது தெரியாது என்பதைப் பெரியவர் கவனிக்க வேண்டும்.

அந்தக் காலத்துப் பெர்க்லியில் இன்னொருவர், இர்விங் ஃபாட். இவர் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். அடிப்படையில் பெட்ரோலியம் எஞ்சினியர். பாறையின் நுண்துளைகள் வழியாக எண்ணெய் எப்படி ஊர்கிறது என்று ஆராய்ந்தவர். கண்ணின் கருவிழியில் ரத்தக் குழாய் கிடையாது. தனக்கு வேண்டிய ஆக்சிஜனில் பெரும்பகுதியை அது நேராகக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அதன்மேல் கான்டாக்ட் லென்சை ஒட்டினால் மூச்சு முட்டாதா? பாறைக்குப் போட்ட கணக்கையே ஃபாட் லென்சுக்கும் போட்டார். ஒரு பொருள் எவ்வளவு ஆக்சிஜனை விடும் என்று அளக்கும் முறை வந்தது. கண்ணைத் திணறடிக்காத லென்சுகளைத் தேடும் வழி அதிலிருந்து பிறந்தது. அவசரத்துக்குக் கடையில் லென்சு வாங்கி, ராத்திரியும் கழற்றாமல் தூங்கும் பேரப்பிள்ளைகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1970களில் டீனாக இருந்தவர் மன்ரோ ஹிர்ஷ். கலிபோர்னியாவில் ஒஹாய் என்ற சின்ன ஊர். அங்கே ஐந்தாறு வயதில் பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளின் கண்ணை அளந்து, அதே பிள்ளைகளைப் பதின்மூன்று பதினாலு வயது வரை தொடர்ந்து அளந்தார். முதல் வகுப்பில் கண் இருக்கும் அளவை வைத்தே, யாருக்குப் பின்னால் கிட்டப்பார்வை வரும் என்று ஓரளவு முன்கூட்டிச் சொல்லலாம் என்று காட்டினார். ஒரே வகுப்பை எட்டு வருடம் பொறுமையாகப் பின்தொடர்வது என்றால் என்ன என்று ஆசிரியர்களுக்குத் தெரியும்.

இந்த இடத்தில் சட்டச் சண்டை மறுபடி வருகிறது. அதுவரை ஆப்டோமெட்ரிஸ்ட் கண்ணில் ஒரு சொட்டு மருந்து விடக்கூடாது. பாப்பாவை விரித்து உள்ளே பார்க்கும் சொட்டு மருந்துகூட டாக்டருக்குத்தான். 1971இல் ரோட் ஐலண்ட் மாநிலம் பரிசோதனைச் சொட்டுகளை அனுமதித்தது. 1976இல் மேற்கு வர்ஜினியா சிகிச்சை மருந்துகளையும் அனுமதித்தது. ஒவ்வொரு மாநிலத்திலும் வழக்கு, வாக்குவாதம். 1998க்குள் ஐம்பது மாநிலங்களும் ஏதோ ஓரளவு அனுமதித்துவிட்டன. கலிபோர்னியாவில் சிகிச்சைக்கான சட்டம் 1996இல் வந்தது. கண் டாக்டர்கள் பயந்ததில் நியாயம் இருந்தது. மருந்தைத் தொடுபவருக்கு நோயும் தெரிய வேண்டும். அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லும் பொறுப்பு கல்லூரிகள் மேல் விழுந்தது. பாடத்திட்டம் கனத்தது. உரிமை ஒரு படி ஏறும்போது படிப்பு இரண்டு படி ஏற வேண்டியிருந்தது.

இனிமேல்தான் நம் ஊர்ப் பாதை.

1980 முதல் 1992 வரை பெர்க்லியில் டீனாக இருந்தவர் ஜே ஈனாக். விழித்திரையில் ஒளியை வாங்கும் நுண்செல்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. அவை எல்லாம் கண்ணின் பாப்பாவை நோக்கியே சாய்ந்து நிற்கின்றன, சூரியகாந்தித் தோட்டம் போல. ஒவ்வொரு செல்லும் ஓர் ஒளியிழை மாதிரி வேலை செய்கிறது. இதுதான் ஈனாக் வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தது. இன்னொரு ஆராய்ச்சியும் செய்தார். கண்புரை நன்றாக முற்றிவிட்டால் டாக்டருக்கு விழித்திரை தெரியாது. ஆபரேஷன் செய்தால் பார்வை வருமா வராதா என்று எப்படிச் சொல்வது? இரண்டு ஒளிப்புள்ளிகள் ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றனவா என்று நோயாளியையே சொல்லச் சொன்னார். புள்ளி மங்கித் தெரிந்தாலும் நேர்க்கோட்டிலிருந்து விலகியிருப்பதை நல்ல விழித்திரை கண்டுபிடித்துவிடும். முற்றிய புரையோடு கிராமத்திலிருந்து பாட்டி தாத்தாக்கள் வரும் நம் மாதிரி நாட்டுக்கு இது எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை.

சென்னையில் அதே காலத்தில் டாக்டர் எஸ். எஸ். பத்ரிநாத் 1978இல் தொடங்கிய சங்கர நேத்ராலயா வளர்ந்துகொண்டிருந்தது. கண் மருத்துவத்தில் சென்னை புதிய ஊர் இல்லை. எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரி 1819இல் தொடங்கியது, உலகத்திலேயே மிகப் பழைய கண் ஆஸ்பத்திரிகளில் ஒன்று. மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1976இல் பதினொரு படுக்கையுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியிருந்தார். ஓய்வு பெற்றவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். டாக்டர்கள் இருந்தார்கள். பார்வையை முறையாக அளக்கத் தெரிந்தவர்கள்தான் போதவில்லை. நாட்டில் ஆப்டோமெட்ரிக்கு இடமே இல்லாமல் இல்லை. 1958இலேயே அலிகாரில் காந்தி கண் மருத்துவமனையில் ஒரு பள்ளி தொடங்கியிருந்தது. ஆனால் அது டிப்ளமோ படிப்பு. நான்கு வருடப் பட்டப்படிப்பாக 1985இல் சென்னையில் சங்கர நேத்ராலயா எலைட் ஆப்டோமெட்ரி பள்ளியைத் தொடங்கியது. பட்டம் பிலானி பிட்ஸ் வழியாக. ஆலோசனை சொல்லித் துணை நின்றவர்களில் ஒருவர், பெர்க்லியின் டீன் ஜே ஈனாக்.

யோசித்துப் பாருங்கள். 1892இல் மூன்று டாலருக்குத் தொடங்கிய சண்டை. 1923இல் ஓர் இயற்பியல் துறையின் ஓரத்தில் ஒரு வகுப்பு. அங்கே வளர்ந்த படிப்பின் அனுபவம் 1985இல் சென்னையில் நம் பிள்ளைகள் உட்காரும் வகுப்பறைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. 1992இல் ஈனாக் டீன் பொறுப்பை ஒப்படைத்தபோது, பெர்க்லியின் பதிவேட்டில் எண்ண முடியாத ஒரு சொத்து சுமார் பதினாலாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது.

பின்னால் வந்தவர்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்தோனி ஆடம்ஸ் 2001 வரை. அவருக்குப் பின் டென்னிஸ் லீவை, 2001 முதல் 2014 வரை. இவர் துறை 'சோம்பேறிக் கண்' எனப்படும் குறை. சிறு வயதில் ஒரு கண்ணில் பவர் கூடுதலாக இருந்தாலோ மாறுகண் இருந்தாலோ, மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிவிடும். ஏழெட்டு வயதுக்குள் கவனிக்காவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது என்றே வெகுகாலம் நம்பினார்கள். 2011இல் லீவையும் உடன் ஆராய்ந்தவர்களும், நல்ல கண்ணை மறைத்துக்கொண்டு பெரியவர்களை வீடியோ கேம் ஆடவைத்து, ஒதுக்கப்பட்ட கண்ணின் பார்வை கொஞ்சம் மேம்படுவதைக் காட்டினார்கள். சிறிய ஆய்வுதான். ஆனாலும் பெரியவர்களின் மூளையிலும் கதவு முழுக்க அடைபடவில்லை என்று தெரிந்தது. இதைப் படித்துவிட்டு "சார் கேம் ஆடச் சொல்லிட்டார்" என்று யாரும் கிளம்ப வேண்டாம். குழந்தைக்குச் சிகிச்சை சீக்கிரம் தொடங்குவதுதான் இன்றைக்கும் நல்லது.

எனக்குப் பிடித்தது இது: லீவை டீன் நாற்காலியை விட்டு எழுந்தார், ஆனால் ஆராய்ச்சியை விடவில்லை. பேராசிரியராகத் தொடர்ந்தார். நம் பக்கத்தில் தலைமைப் பொறுப்பு முடிந்தவர் மறுபடி வகுப்புக்குப் போனால் தரம் இறங்கியதாக நினைப்போம். அங்கே வகுப்புதான் சொந்த வீடு, நாற்காலி இடையில் தங்கிய விடுதி.

2014இல் ஜான் ஃபிளானகன் டீன் ஆனார். 2021இல் ஹெர்பர்ட் வெர்தைம் என்பவர் 5 கோடி டாலர் நன்கொடை கொடுத்து, கல்லூரி இப்போது அவர் பெயரில் இருக்கிறது. அவரும் ஓர் ஆப்டோமெட்ரிஸ்ட்தான். கண்ணாடியில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் சாயத்தைக் கண்டுபிடித்துப் பணம் சம்பாதித்தவர். உரிமக் கட்டணத்தில் கொஞ்சம் சேர்த்துக் கட்டியவர்களின் கல்லூரிக்கு, அதே தொழில்காரர் ஒருவர் 5 கோடி கொடுத்தார். நூறு வருடத்தில் வரவு.

இனி நிலுவைக் கணக்கு. அது இல்லாமல் பதிவேட்டில் கையெழுத்துப் போட முடியாது.

உலக சுகாதார நிறுவனம் பல காலம் பார்வைக் குறையை எண்ணியது எப்படித் தெரியுமா? நல்ல கண்ணாடி போட்ட பிறகும் யாருக்குத் தெரியவில்லையோ, அவரை மட்டும் கணக்கில் சேர்த்தார்கள். கண்ணாடி வாங்க வழியில்லாமல் மங்கலாகவே வாழ்பவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். ஏட்டில் அவருக்குக் குறையே இல்லை! கண்ணாடி இல்லாமல் இப்போது எப்படித் தெரிகிறது என்று கேட்டு எண்ணியபோது, 2004ஆம் ஆண்டுக் கணக்கின்படி, தூரம் பார்க்கக் கண்ணாடி இல்லாததால் மட்டும் பார்வை குறைந்தவர்கள் உலகத்தில் 15 கோடியே 30 லட்சம் பேர் என்று வந்தது. 2019இல் அதே நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, தடுத்திருக்கக் கூடிய அல்லது இன்னும் கவனிக்கப்படாத பார்வைக் குறையோடு குறைந்தது 100 கோடிப் பேர் இருப்பதாகச் சொல்கிறது. அதில் மிகப் பெரிய பங்கு, சுமார் 82 கோடிப் பேர், வெறும் சாளேஸ்வரக் கண்ணாடி கிடைக்காதவர்கள். ஊசியில் நூல் கோக்க முடியாத தையல்காரர், அரிசியில் கல் பொறுக்க முடியாத அம்மா. எழுநூறு வருடப் பழைய கண்டுபிடிப்பு இன்னும் அவர்கள் கைக்கு வரவில்லை.

வகுப்பறையிலும் இதைப் பார்த்திருக்கிறோம். பள்ளிக் கண் பரிசோதனைத் திட்டத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அட்டையும் ஆறு மீட்டர் கயிறும் கொடுப்பார்கள். கரும்பலகையைப் பார்க்காமல் பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து எழுதும் பிள்ளை அதில் அகப்படுவான். கண்ணாடி இலவசமாகவே வரும். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் பாதிக் கண்ணாடி புத்தகப் பைக்குள் இருக்கும். 'சோடாபுட்டி' என்று கேலி செய்வார்களே என்ற கூச்சம் ஒரு பக்கம். பெண் பிள்ளைகள் வீட்டில், "இப்பவே கண்ணாடி போட்டா நாளைக்கு யார் கட்டிக்குவா" என்ற பேச்சு இன்னொரு பக்கம். அட்டையால் அதை அளக்க முடியாது. உட்கார்ந்து பேசி, பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்லி, அடுத்த வருடம் மறுபடி பார்த்துத் தொடர ஆள் வேண்டும்.

இன்னொரு நிலுவை சட்டம். அமெரிக்காவின் முதல் மாநிலம் 1901இல் செய்ததை நாம் 2021இல் செய்தோம். துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் அந்த ஆண்டு வந்தது. ஆப்டோமெட்ரிஸ்ட் என்ற பெயர் அதில் இடம் பெற்றது. அந்தத் தகுதிக்கு மூன்று முதல் ஆறு வருடத்தில் குறைந்தது 3,600 மணி நேரப் படிப்பு வேண்டும் என்கிறது சட்டம். அதற்கு முன்பு யார் வேண்டுமானாலும் பலகையில் அந்தப் பெயரை எழுதிக்கொள்ளலாம் என்ற நிலைதான். சட்டம் ஏட்டிலிருந்து கடைத்தெருவுக்கு வர இன்னும் வேலை இருக்கிறது.

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். ஐயா, மெஷின் வந்துவிட்டது உண்மை. அது கண்ணின் பவரைத் தோராயமாகச் சொல்லும். இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்கிறதா, குழந்தை ஒரு கண்ணை ஒதுக்கிவிட்டதா, பார்வை மங்குவது பவராலா, சர்க்கரை நோயாலா, கண் அழுத்தத்தாலா என்பதை எல்லாம் படித்தவர்தான் பிரித்து அறிய வேண்டும். எது தன் வேலை, எதை உடனே கண் டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்று தெரிவதற்குத்தான் மூன்று வருடப் பாடமும் ஒரு வருட நேரடிப் பயிற்சியும். பெண் கடையில்தான் உட்காருவாள் என்றே வைத்துக்கொள்வோம். அந்தக் கடைக்கு வருபவர் அதிர்ஷ்டசாலி. ஆஸ்பத்திரி, பள்ளி, கிராம முகாம், ஆராய்ச்சி என்று வேறு கதவுகளும் இருக்கின்றன. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் பட்டம் தருவது எந்தப் பல்கலைக்கழகம், பயிற்சிக்கு நோயாளிகள் நிறைய வரும் ஆஸ்பத்திரி உண்டா என்ற இரண்டையும் விசாரித்துவிட்டுச் சேருங்கள். கட்டடத்தைப் பார்த்து மயங்க வேண்டாம்.

இந்த வருடம் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் ஓய்வு பெறப்போகும் என் மாணவர்கள் சிலரும் இதைப் படிப்பீர்கள். ஆம், நீங்களே ஓய்வு பெறும் வயதுக்கு வந்துவிட்டீர்கள்! பெஞ்சு, மேஜைக் கணக்கைச் சரியாக ஒப்படையுங்கள், தணிக்கையில் மாட்டிக்கொள்ளாதீர்கள். அதோடு, முடிந்தது எது, முடியாமல் நிற்பது எது என்று ஒரு தாளில் எழுதி அடுத்தவர் கையில் கொடுங்கள். அவருக்கு ஒரு வருடம் மிச்சமாகும்.

வீட்டில் ஐந்து வயதுக் குழந்தை இருந்தால் பள்ளியில் சேர்க்கும் முன் ஒருமுறை கண்ணைப் பார்த்துவிடுங்கள். நாற்பது தாண்டியவர்கள் செய்தித்தாளைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துச் சமாளிக்காதீர்கள். சர்க்கரை உள்ளவர்கள் வருடம் ஒருமுறை கண்ணின் உட்புறத்தைப் பார்த்தே ஆக வேண்டும். ஆப்டோமெட்ரி படித்து வேலையில் இருக்கும் நம் மாணவ மாணவியர் கீழே உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். அந்தப் பெண்ணுக்கும் அவள் அப்பாவுக்கும் என் பதிவைவிட அதுதான் உதவும்.

அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் வாத்தியார்